தூண் காசும் சந்தனப் பொட்டும்

விடிந்தால் என் செல்போனில் நாலைந்து காசுப் படங்கள் வந்து விழுந்திருக்கும். என் நம்பரை யார் கொடுக்கிறார்களோ தெரியவில்லை. படுக்கை விரிப்பின் மேல் வைத்து, விரல் நிழல் விழ, கோணலாக எடுத்த படங்கள். கீழே ஒரே வரி: "மேடம், இது எவ்ளோ லட்சம் போகும்?"

பதில் எழுதுகிற மனநிலை இருந்தால், "ஒரு டீ குடிக்கலாம், வடைக்குத் தனியாகக் காசு வேண்டும்" என்று அனுப்புவேன். உடனே கோபம் வந்துவிடும். "வீடியோல பத்து லட்சம்னு சொல்றாங்களே?" வீடியோவில் சொன்னவனிடமே கொண்டுபோய் விற்க வேண்டியதுதானே! விற்க மாட்டார்கள். அவன் முதலில் முன்பணம் கேட்பான் என்பது அவர்களுக்கும் உள்ளுக்குள் தெரியும்.

போன மாதம் இரண்டு பையன்கள் வீடு தேடி வந்தார்கள். ஆன்லைனில் பழங்காசு வியாபாரம் தொடங்கியிருக்கிறார்களாம். "இப்பல்லாம் ஆப்பே சொல்லிடுது மேடம். போட்டோ எடுத்தா போதும். எந்த நாடு, எந்த வருஷம், ஒரிஜினலா டூப்பான்னு எல்லாம் வந்துடும்" என்றார்கள். எல்லாவற்றையும் ஆப் சொல்லிவிட்டால் என்னிடம் என்ன வேலை என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல், "உங்க அனுபவத்த எழுதித் தாங்க மேடம், எங்க பேஜுக்குக் கன்டென்ட் வேணும்" என்றார்கள். சரி, கன்டென்ட் எழுதுகிறேன். அவர்கள் போட மாட்டார்கள் என்பது கடைசி வரை படித்தால் புரியும்.

திருவண்ணாமலை அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, டீச்சர் வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து சலித்து, செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கடையில் சேர்ந்தேன். தெருவைப் பார்த்த பாதியில் வெள்ளைக்காரர்களுக்கான சரக்கு இருக்கும். பித்தளை விளக்கு, உருத்திராட்சம், மலைப் படம், புதிதாகச் செய்து பழையதாக்கிய சாமி சிலை. பின்னால் ஒரு குளிர்சாதன அறை. அங்கேதான் காசு. வேலூர், புதுச்சேரி, சென்னை என்று பல ஊர்களிலிருந்து சேகரிப்பாளர்கள் அந்த அறைக்கு வருவார்கள். என் மேசையும் அங்கேதான் இருந்தது. முதல் இரண்டு வருஷம் எடையும் அளவும் மனப்பாடம் செய்தேன். படிக்கத் தெரியாத மொழி எழுத்துகளைக் கோலம் போல வரைந்து வரைந்து கண்ணுக்குப் பழக்கினேன். அதில் சுவாரசியமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அதே மேசை, போன வருஷம் ஓய்வு பெறும் வரை.

வெளிநாட்டுப் பழங்காசு பார்ப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முகத்தைக் கடைசியாகப் பாருங்கள். எல்லோரும் ராணியின் மூக்கைப் பார்த்து மயங்குகிறார்கள். போலி செய்கிறவனும் அது தெரிந்து மூக்குக்குத்தான் பாடுபடுவான். விளிம்புக்கு வரும்போது அவனுக்குச் சோம்பல் வந்துவிடும். அதனால் முதலில் விளிம்பு. வார்ப்பில் ஊற்றின காசானால் ஓரத்தில் இணைப்புக் கோடு ஓடும், அல்லது அதை அரத்தால் தேய்த்த தடம் இருக்கும். அடுத்து எடை. அடுத்து, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடியும் எடை. வெள்ளியா வெள்ளி பூசியதா என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு லென்ஸ் வைத்து, உருவம் எதுவும் இல்லாத வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். அச்சடித்த காசில் அந்த இடம் இறுகி வழவழவென்று இருக்கும். வார்த்த காசில் ஊசி குத்தினாற்போலப் பள்ளங்கள் இருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு ராணியைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் மயங்கலாம்.

கடை முதலாளி தெய்வசிகாமணி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, இடுப்புக் கயிற்றில் ஒரு சாவி. அவருடைய சொந்தச் சேகரிப்பு இருந்த இழுப்பறையின் சாவி அது. போலி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே வராது. காசு நல்லதானால் கையில் எடுத்துக் கொடுப்பார். போலியானால் ஒற்றை விரலால் மேசைமேல் தள்ளுவார், சாப்பாட்டில் கிடந்த கல்லை ஒதுக்குவதுபோல. தள்ளியதும் கையைத் துடைத்துக்கொள்வார். வந்தவருக்கு அவமானம் அத்தோடு முடிந்தது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்து, "டீ சாப்பிடறீங்களா?" என்று அவர் விசாரிப்பார்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. காசைப் பார்த்து முடிக்கும் வரை காசின் கதையைக் கேட்கக் கூடாது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து யாராவது வந்து, "எங்க நிலத்துல கெணறு தோண்டும்போது..." என்று ஆரம்பித்தால் உள்ளங்கையைத் தூக்கிவிடுவார். "காச வெச்சிட்டு உக்காருங்க. கதைய அப்பாலிக்கா கேக்குறேன்." வந்தவர் கதையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு திணறுவார். கதை கேட்டால் கண் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அது நல்ல சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வந்தவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவருகிற கூட்டம் ஒன்று. நூறு வருஷத்துப் பச்சையும் கருமையும் போய், காசு நேற்று வாங்கிய சொம்பு மாதிரி மின்னும். "அழுக்கா இருந்துச்சு மேடம், சுத்தம் பண்ணி எடுத்தாந்தோம்" என்று பெருமை வேறு. இன்னொரு கூட்டம் காரில் வரும். கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் அனுமார் உருவமும் போட்ட செம்புக் காசு கொண்டுவரும். கம்பெனிக்காரன் அனுமார் போட்டுக் காசு அடித்ததே கிடையாது. ஆனால் இவர்களுடைய காசு அரிசியை இழுக்குமாம், அதற்கு நான் சான்றிதழ் தர வேண்டுமாம். ஒருமுறை பக்கத்து ஓட்டலில் பச்சரிசி வாங்கிவந்து மேசையில் கொட்டி, காசை நடுவில் வைத்தேன். ஒரு அரிசிகூட நகரவில்லை. "ஏசி ஓடுது மேடம், அதான் பவர் கம்மியா இருக்குது" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். ஏசியை நிறுத்தினேன். எங்களுக்கு வியர்த்ததுதான் மிச்சம்.

இவர்களையாவது ஏழ்மை, பேராசை என்று மன்னிக்கலாம். பன்னீர்செல்வம் போன்றவர்களை என்ன செய்வது?

பன்னீர்செல்வம் கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில் வைத்திருப்பவர். உலகக் காசு சேகரிப்பாளர் என்று கார்டு அடித்து வைத்திருந்தார். எந்தக் காசையும் லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை. தெய்வசிகாமணி கடையில் வாங்கியது என்றால் அவருக்குப் போதும். புது வீடு கட்டியதும் ஹாலில் மாட்டுவதற்காகக் காசுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் பதிக்க ஆசைப்பட்டார். தேரடி வீதிக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த அன்வர் பாயிடம் கொடுத்தார். அன்வர் பாய் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் சட்டம் போடுகிற குடும்பம். லாட்ஜ்களில் தொங்குகிற மலைப் படங்களில் பாதி அவர் போட்ட சட்டத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு காசுக்கும் தேக்கில் குழி குடைந்து, ஒரு வாரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்.

கிரகப்பிரவேசத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்திருக்கிறார். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தவர், எல்லார் எதிரிலும், "இந்த ஸ்பானியக் காசு போலி சார்" என்று சொல்லிவிட்டார். சட்டத்திலேயே அதுதான் விலை உயர்ந்த காசு. மெக்சிகோ ஸ்பெயின் ராஜாவின் கையில் இருந்தபோது அங்கே அடித்த பெரிய வெள்ளிக் காசு அது. கிரீடம் வைத்த இரண்டு தூண்கள், நடுவில் இரண்டு உலக உருண்டை, கீழே கடல் அலை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன நினைக்க வேண்டும்? நாம் ஏமாந்து வாங்கிவிட்டோமோ என்று. பன்னீர்செல்வத்துக்கு அந்த எண்ணமே வரவில்லை. தெய்வசிகாமணி கடைக் காசு போலியாக இருக்காது. ஆகவே யாரோ மாற்றியிருக்கிறார்கள். காசு வெளியே போனது அன்வர் பாய் பட்டறைக்கு மட்டும். முடிந்தது கணக்கு. மறுநாளே போலீஸ் ஸ்டேஷன் போனார். அதற்கு முன்னாலேயே எங்கள் கடைக்கு எதிர் டீக்கடையில் சொல்லியாகிவிட்டது. இரண்டு லாட்ஜ்காரர்கள் அன்வர் பாயிடம் கொடுத்திருந்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவர் பெயரைக் கேட்டதுமே தலையாட்டியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது.

எஸ்.ஐ. கொஞ்சம் விவரமானவர். "போலின்னு தெரிஞ்சவங்க கிட்ட எழுதி வாங்கினு வாங்க, அப்புறம் கேஸ் போடலாம்" என்று அனுப்பிவிட்டார். அப்படித்தான் ஒரு நாள் பிற்பகலில் எல்லோரும் எங்கள் பின்னறைக்கு வந்தார்கள். பன்னீர்செல்வம், அவர் மனைவி கோமதி, கூடவே அன்வர் பாய். மூன்று பேர்தான், ஆனாலும் அறையில் மூச்சு முட்டியது. அன்வர் பாய் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதலாளி காசை வாங்கினார். விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். அவர் விரல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றதை நான் கவனித்தேன். பிறகு காசை மேசையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளினார்.

"பாத்தீங்களாண்ணா? நான் சொல்லல?" என்றார் பன்னீர்செல்வம்.

"வசந்தா, போலின்னு எழுதிக் குடும்மா" என்றார் முதலாளி என்னிடம்.

நான் காசை எடுத்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போடுவது என் வழக்கமில்லை. அசல் தூண் காசின் விளிம்பில் இலை வரிசை ஓடும். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் காசை உருட்டி அதை அச்சிட்டார்கள். அதனால் எதிரெதிராக இரண்டு இடத்தில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இதில் ஏறவே இல்லை. அரம் ஓடின தடம் இருந்தது. வெற்றிடமெல்லாம் ஊசிப் பள்ளம். போலி என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பள்ளங்களைப் பார்க்கும்போதுதான் தூண்களின் மேல் வேறொன்று தெரிந்தது. இரண்டு தூண்களின் நடுவிலும் வட்டமாக ஒரு நிறமாற்றம். சுற்றிலும் காசு கறுத்திருக்க, அந்த இரண்டு வட்டங்கள் மட்டும் பழுப்பாக இருந்தன. கோடுகளின் இடுக்கில் கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டிப் பார்த்தேன். சந்தனம். அதன்மேல் கருகின குங்குமம், மறுபடி சந்தனம்.

"இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தாங்க," என்றார் கோமதி, ஏதோ தப்புச் செய்தவர்போல. "வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு, மில்லு மெஷினுக்கு வைக்கும்போது காசுக்கும் வைப்பேன். மத்ததுக்கெல்லாம் ஒண்ணுதான். இதுல ரெண்டு குத்துவெளக்கு இருக்குதில்ல? அதனால வெளக்குக்கு ஒண்ணா ரெண்டு வைப்பேன்."

அது குத்துவிளக்கு இல்லை, ஸ்பெயின் ராஜாவின் தூண். காசுக்குச் சந்தனம் பூசுவதைப்போல அநியாயம் வேறில்லை; வேறொரு நாளாக இருந்தால் கோமதியை அழ வைத்திருப்பேன். அன்றைக்கு அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

"சார், இது ஒரு வாரத்துல வர்ற கறை இல்ல," என்றேன் முதலாளியிடம். "பல வருஷமா வெச்ச பொட்டு. சுத்தியும் கறுத்திருக்குது, பொட்டு இருந்த எடம் மட்டும் வேற நிறமா இருக்குது. இவங்க பூசையில இருந்ததும் இதே காசுதான். அன்வர் பாய் மாத்தல."

"உன்ன இன்னா கேட்டாங்க? போலியா இல்லியான்னுதானே?" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "கேட்டதுக்கு மட்டும் எழுது."

பிறகு பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப முன்னாடியே உங்க வூட்லதான் யாரோ மாத்தியிருக்கணும். வேலைக்காரங்க எத்தினி பேரு?"

பன்னீர்செல்வத்தின் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஒரு திருடன் போய்விட்டானே என்று தவித்த மனிதருக்கு இன்னொரு திருடன் கிடைத்துவிட்டான். "சமையலுக்கு ஒரு பொம்பள இருக்குதுண்ணா, கணவாயூர்லருந்து வருது" என்றார். அவ்வளவு சுலபம். எத்தனை பேரை வேண்டுமானாலும் திருடராக்கலாம், நாம் மட்டும் ஏமாளி ஆகிவிடக் கூடாது.

"இப்ப அந்தம்மா பேர டீக்கடையில சொல்லப் போறீங்களா சார்?" என்று ஸ்டூலிலிருந்து கேட்டார் அன்வர் பாய்.

அந்தக் காசு எங்கள் கடைக்கு வந்த விதத்தை இப்போது சொல்லியாக வேண்டும். அதற்குப் பல வருஷம் முன்னால், பக்கத்து காபிக் கடைக்குத் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தான். அவன் முப்பாட்டன் கப்பலில் போனவனாம். கப்பல் உடைந்து, தப்பித்துக் கரை சேர்ந்தபோது இடுப்பில் இருந்தவை இரண்டே காசுகளாம். அந்த இரண்டையும் விற்க எங்கள் கடைக்கு எடுத்துவந்தான். எங்கள் முதலாளி அன்றைக்கு உள்ளங்கையைத் தூக்கவில்லை. பிற்பகல் முழுக்க உட்கார்ந்து கதை கேட்டார். கிணறு தோண்டினவன் சொன்னால் கதை, வெள்ளைக்காரன் சொன்னால் சரித்திரம். "ஓரத்த ஒரு தபா பாத்துடட்டுமா சார்?" என்று நான் கேட்டதற்கு, "அவன் ஊர்க் காசு அவனுக்குத் தெரியாதாம்மா?" என்று வாயை அடைத்தார். அவன் ஸ்பெயின்காரனும் இல்லை, மெக்சிகோகாரனும் இல்லை. இரண்டு காசும் என் மேசைக்கு வரவேயில்லை. ஒன்றைப் பன்னீர்செல்வத்துக்கு விற்றார். மற்றது அந்த இழுப்பறைக்குள் போனது. பெரிய சேகரிப்பாளர்கள் வந்தால் மட்டும் வெளியே எடுத்துக் காட்டுவார்.

"சார், உங்க காச எடுங்க. பக்கத்துல வெச்சிப் பாத்துடலாம்," என்றேன்.

"எதுக்கு?"

"வீட்ல மாத்தியிருந்தா, உங்களுது வேற மாதிரி இருக்கணும். ரெண்டும் ஒரே அச்சுல ஊத்தினதா இருந்தா, ஒண்ணுல இருக்கற காயம் இன்னொண்ணுலயும் இருக்கும்."

இதை விளக்கிவிடுகிறேன். பழங்காசு கைமாறிக் கைமாறித் தேயும். அங்கங்கே கீறல் விழும். ஒரு காசில் விழுந்த கீறல் அதே இடத்தில் அதே வடிவில் இன்னொரு காசில் விழவே விழாது. விழுந்திருந்தால் இரண்டும் ஒரே காசைப் பதித்து எடுத்த அச்சில் ஊற்றியவை. முதலாளிக்கு இது தெரியும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அவர் இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூட்டிய இழுப்பறையை யாரும் பலவந்தமாகத் திறக்கப் போவதில்லை. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அன்வர் பாய் மேலோ அந்தச் சமையல்காரம்மா மேலோ வழக்கு விழுந்திருக்கும். கடை கடையாகவே இருந்திருக்கும். கடைசியில் எழுந்தார். திறந்தார். கொண்டுவந்து வைத்தார். அந்த மனிதர் மேல் எனக்கு மிச்சமிருக்கிற மரியாதை அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

லென்ஸ்கூடத் தேவைப்படவில்லை. இடது தூணின் கிரீடத்தில் ஒரு வெட்டு, கடல் அலையின்மேல் சாய்வாக ஒரு கீறல். பக்கத்துக் காசிலும் அதே வெட்டு, அதே கீறல். அதில் சந்தனம் மட்டும்தான் இல்லை.

பன்னீர்செல்வம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "அண்ணா, இது நம்மளுக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

"என் பேர மட்டும் வெளிய சொன்னீங்களே சார்?" என்றார் அன்வர் பாய்.

பன்னீர்செல்வம் அவசரமாகப் போனை எடுத்தார். இதோ இப்பவே எஸ்.ஐ. கிட்ட சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னார். "சார், நான்தான் பன்னீர்செல்வம். அந்தக் காசு கெடச்சிடுச்சு சார். கேஸெல்லாம் ஒண்ணும் வேணாம்."

கிடைத்துவிட்டதாம்! எடுத்தவன் பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றுதானே அதற்கு அர்த்தம்? வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கோமதி எழுந்து, கணவர் காதிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"சார், நான் அவரு சம்சாரம் பேசுறேன். காசு தொலையவே இல்ல சார். இவரு வாங்கும்போதே ஏமாந்து போலிய வாங்கினு வந்துட்டாரு. அன்வர் பாய் மேல ஒரு தப்பும் இல்ல."

தெய்வசிகாமணி இரண்டு காசையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்வர் பாய் ஸ்டூலிலிருந்து எழுந்து, கடையின் முன்பக்கத்துக்கும் எங்கள் அறைக்கும் நடுவிலிருந்த கதவை முழுக்கத் திறந்துவைத்தார். வெளியே வாடிக்கையாளர்கள் நின்றார்கள், அதற்கப்பால் டீக்கடை.

"ஸ்பீக்கர்ல போட்டு இன்னொரு தபா சொல்லும்மா," என்றார்.

கோமதி ஸ்பீக்கரைப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.